குட்டி எம்பரரை வாங்கக் காத்திருக்கும் நண்பர்களுக்கு



சென்னைக் கொளத்தூரின் கடல்மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்களில் பலரோடு நின்று பேசியிருக்கிறேன். எந்த ஸ்கிம்மர் நல்லது, உப்பு எங்கே கொஞ்சம் மலிவு, சில்லர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நம் பேச்சு ஓடும். க்ளவுன், டாம்சல், ஒரு டாங் என்று ஓரிரு ஆண்டுகள் தொட்டியை நன்றாக நடத்தியவர்களின் கண் அடுத்து எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் தனியாகத் தடுத்து வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி அறைக்குள் ஒரு குட்டி எம்பரர் ஏஞ்சல் இருக்கும். கருநீல உடம்பு, அதில் வெள்ளையும் வெளிர்நீலமுமாக வட்டத்துக்குள் வட்டம். கட்டைவிரல் நீளம்தான். அதை வாங்க மனதுக்குள் முடிவெடுத்து, பணமும் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்னீர்த் தொட்டியில் வளர்க்கிறோமே ஏஞ்சல், அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. அது அமேசான் படுகையைச் சேர்ந்த சிக்லிட். இவை பவளப்பாறைகளை ஒட்டி வாழும் பொமகாந்திடே குடும்பத்து மீன்கள். செவுள் மூடியின் கீழ்ப்பக்கத்தில் பின்னோக்கி நீளும் கூரான முள் ஒன்று இந்தக் குடும்பத்துக்கு அடையாளம். ஏறக்குறைய 90 இனங்கள் உண்டு. அவற்றில் பெரியவையான எம்பரர், கோரான், ப்ளூரிங், ப்ளூஃபேஸ், அட்லாண்டிக் கடலின் குயீன் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: குட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். அது நாளை ஆகப்போகும் மீனுக்கு இன்றைக்கே உங்கள் வீட்டில் இடம் இருந்தால் வாங்குங்கள். "பிறகு பெரிய தொட்டி போட்டுக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள். அந்தப் பெரிய தொட்டி பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேர்வதே இல்லை.

எம்பரர் 40 சென்டிமீட்டர் வரை வளரும். கோரானும் அப்படித்தான். நம் கிழக்குக் கரையிலும் வாழும் ப்ளூரிங் 45-ஐத் தொடும். கிட்டத்தட்ட ஒரு முழம். உடல் பக்கவாட்டில் தட்டையாக இருந்தாலும் உயரம் நிறைய. நம்மில் பலர் வைத்திருப்பது 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி. அதன் அகலம் 45 சென்டிமீட்டர். அதற்குள் பாறையை அடுக்கிய பிறகு 40 சென்டிமீட்டர் மீன் எப்படித் திரும்பும் என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. இடமும் நல்ல நீரும் கிடைக்காத மீன் குன்றிப்போகும், நோய்ப்படும், சீக்கிரம் சாகும். அதைப் பார்த்துத்தான் "இந்த அளவோடு நின்றுவிட்டது" என்று சொல்கிறோம்.

ஒற்றை எம்பரருக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பதை ஆரம்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். முழு வளர்ச்சிக்கு இதுவும் போதாது. 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உயரமும் உள்ள, 1,400 லிட்டருக்குப் பக்கமான தொட்டியைத்தான் நான் நிம்மதியோடு சொல்வேன். அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டும் தொட்டி பார்க்க அழகாக இருக்கும், மீனுக்கு உதவாது. அதற்கு வேண்டியது நீளமும், நின்று திரும்ப அகலமும், உடம்பு முழுவதும் நுழைந்து மறையும் அளவுக்குப் பெரிய குகைகளும்.

இந்த எடை எங்கே உட்காரப்போகிறது என்பதையும் யோசியுங்கள். 6 அடித் தொட்டியின் நீர் மட்டும் 700 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்ட், பாறை எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவைத் தாண்டும். அது உட்காருவது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தில். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு நம் இந்தியத் தரவிதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்திவிடாமல், ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து பீம் எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தரைத்தளம் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் தொட்டி நீர் தானாகவே 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். பெரிய உடம்பு, அகோரப் பசி, ஓயாத நீச்சல் என்று வாழும் இந்த மீன்தான் அதை முதலில் உணரும். 25-லிருந்து 27 டிகிரிக்குள் நிறுத்த சில்லர் இல்லாமல் முடியாது. இந்தத் தொட்டிக்கு அது ஓர் அடிப்படைச் சாமான். மின்வெட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். 2015 வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சின்ன மீன்கள் உள்ள சின்னத் தொட்டியை பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றைக் கொண்டு சமாளித்துவிடலாம். ஒரு முழ மீனோடு அப்படிச் சமாளிக்க முடியாது. நீரோட்ட மோட்டாரையாவது இரண்டு நாள் ஓட்டக்கூடிய பேட்டரி ஏற்பாடு வேண்டும். கார்த்திகை பிறப்பதற்கு முன்பே அதை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு இடத்தை ஒதுக்கி எதற்கு இந்த மீன் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். பதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை.

குட்டியின் வட்டங்கள் மெதுவாகக் கலையத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு ஒரு விரல் நீளத்தைத் தாண்டியதும் வால் பக்கத்தில் மஞ்சள் கசியும். வட்டங்கள் உடைந்து, படுத்து, கோடுகளாகும். கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை இறங்கும். சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டில் நீலமும் மஞ்சளும் மாறிமாறி ஓடும் வரிகளோடு வேறொரு மீன் நின்றுகொண்டிருக்கும். இது அதே மீன்தான் என்பதை அறிஞர்களாலேயே முதலில் கண்டுகொள்ள முடியவில்லை. பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் 1787-ல் வளர்ந்த எம்பரரை விவரித்துப் பெயரிட்டார். நம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜான் என்பவரிடமிருந்து மீன்களைப் பாடம் செய்து வரவழைத்து ஆராய்ந்தவர் அவர். அவர் இறந்த பின் 1801-ல் ஷ்னைடர் பதிப்பித்து வெளிவந்த நூலில் இதே மீனின் குட்டி, நிக்கோபாரின் பெயரால், தனி இனமாக இடம்பெற்றது. மறுவருடம் பிரான்ஸில் லாசெப்பேட் அதற்கு இன்னொரு பெயர் வைத்தார்.

ஏன் இந்த இரட்டை வேடம்? வளர்ந்த எம்பரர் தன் எல்லைக்குள் தன் நிறத்தில் இன்னொன்றைச் சகிக்காது. வேறு உடையில் வரும் குட்டியை அது எதிரியாக எடுத்துக்கொள்வதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

நிறம் மாறி முடிந்த பிறகும் வரிகள் ஓய்வதில்லை. 1995-ல் ஜப்பானின் ஷிகெரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வரிக்குதிரைக் குட்டி வளரும்போது அதன் வரிகள் உடம்போடு சேர்ந்து அகலமாகும், எண்ணிக்கை கூடாது. ஏஞ்சல் மீனில் அப்படி இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். கோரான் குட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது அதற்கு மூன்றே வரிகள். 4 சென்டிமீட்டரை எட்டும்போது பழைய வரிகளுக்கு நடுவில் புதியவை முளைக்கும். 8, 9 சென்டிமீட்டரில் மறுபடியும். வளர்ந்த எம்பரரில் வரிகளுக்கு இடையிலான தூரம் அப்படியே இருக்கும்; உடம்பு பெரிதாகப் பெரிதாக வரிகளின் எண்ணிக்கைதான் ஏறும். எப்படி ஏறுகிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு வரியில் எங்கோ ஒரு கவை இருக்கும். அந்தக் கவை ஜிப்பைத் திறப்பதுபோல் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். அது கடந்து போன இடமெல்லாம் ஒரு வரி இரண்டாகியிருக்கும். உயிரின் உடம்பில் வடிவங்கள் எப்படித் தாமாக உருவாகக்கூடும் என்று கணிதமேதை ஆலன் டூரிங் 1952-ல் எழுதிவைத்த கோட்பாட்டுக்கு, உயிருள்ள தோல் ஒன்றில் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றாக இந்த மீன் வந்து நின்றது.

என் எம்பரரின் இடப்பக்கத்தில், முதுகுத் துடுப்புக்குக் கீழே நான்காவது மஞ்சள் வரியில் அப்படி ஒரு கவை இருக்கிறது. மாதம் ஒருமுறை, அதே விளக்கில், அதே தூரத்தில் நின்று படமெடுத்து வைக்கிறேன். ஒரு மாதப் படத்துக்கும் அடுத்த மாதப் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திணற வேண்டும். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் கவை நகர்ந்திருப்பது தெளிவாகத் தெரியும். தனக்குரிய வளர்ச்சி முடியும்வரை தடையில்லாமல் வளரும் மீனில் மட்டும்தான் இதைப் பார்க்க முடியும். ஒன்றரை வருடத்தில் செத்துப்போகும் மீனில் பார்க்க முடியாது. நெருக்கடியில் வளர்ந்த பல எம்பரர்களில் நிறமாற்றமே பாதியில் நின்று, மங்கிய மஞ்சளும் கலங்கிய கோடுகளுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கவனிப்பில் இவை 20 ஆண்டுக்கு மேல் வாழும். இன்று நீங்கள் குட்டியை வாங்கினால், இப்போது பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது நீந்திக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கு ஆளும் தெரியும். காலையில் கூடத்து விளக்கைப் போட்டதும் குகையிலிருந்து வெளியே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் என்னை மேலிருந்து கீழ்வரை பார்க்கும். வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்து கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் நின்றால் உள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் எழுப்பும். தட்டுவதுபோன்ற தணிந்த ஒலி அது. கூடத்தின் மறுகோடியில் இருந்தும் கேட்கும். மிரளும்போதும் எல்லையைக் காக்கும்போதும் எம்பரர் இப்படிச் செய்யும்.

எல்லை என்றதும் சொல்லிவிட வேண்டியது: ஒரு தொட்டிக்கு ஒரு பெரிய ஏஞ்சல் போதும். கடலில் ஓர் ஆண் மீன் பெரும் பரப்பைத் தன் இடமாக வைத்துக்கொண்டு அதில் ஓரிரு பெண் மீன்களோடு வாழும். நம் 6 அடியில் இரண்டு வைத்தால் ஒன்று மற்றதன் துடுப்பைக் கிழித்து, சாப்பிடவிடாமல் மூலையில் ஒடுக்கிவிடும். மற்ற மீன்களை எல்லாம் முதலில் விட்டு, அவை பழகிய பிறகு ஏஞ்சலைக் கடைசியாக விடுங்கள்.

உணவு விஷயத்தில்தான் பெரும்பாலான ஏஞ்சல்கள் தோற்றுப்போகின்றன. கடலில் இவை பகல் முழுவதும் பாறையைக் கொறித்துக்கொண்டே இருக்கும். முக்கிய உணவு கடற்பஞ்சு; கூடவே பாசியும் சிறு உயிர்களும். கடற்பஞ்சின் உடம்பில் கண்ணாடி ஊசிபோல் சிலிக்கா முட்களும் நச்சு வேதிப்பொருள்களும் இருப்பதால் மிகச் சில மீன்களே அதைத் தொடும். அந்தச் சிலவற்றில் ஏஞ்சல்கள் முதன்மையானவை. எனவே ஒரே வகைக் குருணையைக் காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை போட்டு இதை வளர்க்க முடியாது. கடற்பஞ்சு சேர்த்த உறைநிலை உணவு கிடைக்கும். விலை அதிகம்தான், வாரத்தில் சில நாளாவது கொடுங்கள். உப்போ மசாலாவோ சேர்க்காத நோரிப் பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தினமும் தொங்கவிடுங்கள். மைசிஸ், இறால், கணவாய் பொடியாக நறுக்கியது, இவற்றை மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுங்கள்.

புதிதாக வந்து எதையும் தொடாத மீனுக்கு நான் கொடுப்பது மட்டி. மீன் சந்தையில் வாங்கி, நன்றாகக் கழுவி, சில நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஓட்டை இரண்டாகத் திறந்து, சதையுள்ள பாதியைப் பாறை இடுக்கில் செருகி வைப்பேன். நீரில் மிதந்து வரும் துண்டை அலட்சியம் செய்கிற மீன், பாறையில் ஒட்டியிருப்பதைக் கண்டதும் வந்து கொத்தும். அதன் வாய் அதற்கென்று அமைந்தது. தூரிகை மயிர்போன்ற நெருக்கமான பற்கள் சதையைச் சுரண்டி எடுப்பதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் மட்டியையே தினம் கொடுக்க வேண்டாம். சில மட்டிகளில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, மீனுக்கு வேண்டிய பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும்.

முகத்திலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிகுழியாகும் நோய் ஏஞ்சல்களுக்கு அதிகம் வரும். சத்துக் குறைவும் ஒரு காரணம். கழுவாமல் போட்ட ஆக்டிவேட்டட் கார்பனின் தூளும் ஒரு காரணம். கார்பனை நன்றாக அலசிப் போடுங்கள், தூள் தொட்டிக்குள் சுற்றாதபடி பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோயைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: பெரிய தொட்டிக்குள் கிருமி நுழைந்துவிட்டால் மீன்களை எல்லாம் வெளியே எடுத்து, 76 நாள் தொட்டியை மீனில்லாமல் ஓட்டுவதுதான் வளர்ப்பாளர்கள் கடைப்பிடிக்கும் வழி. அந்த 76 நாள் ஒரு முழ மீனை எங்கே வைப்பீர்கள்? வரும்போதே தனித் தொட்டியில் நான்கைந்து வாரம் வைத்து, தாமிர மருந்து கொடுப்பதென்றால் டெஸ்ட் கிட்டால் அளந்து மெதுவாக ஏற்றி, தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்கும் மருந்து கொடுத்து முடித்துவிடுங்கள். பிற்பாடு வரும் துயரத்தில் பெரும்பகுதி இங்கேயே தீரும்.

இந்தக் குட்டி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்கிறோமா? விலையைக் கேட்கிறோம், "சாப்பிடுதா?" என்று கேட்கிறோம். எங்கே, எப்படிப் பிடித்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. க்ளவுன் மீன்களை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இனப்பெருக்கம் செய்துகாட்டி வெகுகாலமாகிறது. பெரிய ஏஞ்சல்களின் கதை வேறு. அந்தி மயங்கும் நேரத்தில் இணை சேர்ந்து மேலெழும்பி, நீரில் மிதக்கும் முட்டைகளை விடும் மீன்கள் இவை. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளிவரும் குஞ்சின் வாய்க்கு நாம் வழக்கமாக வளர்க்கும் ரோட்டிஃபர்கூடப் பெரிது. கோபிபாட் என்ற சிற்றுயிரின் குஞ்சுகளைத் தேடிக் கொடுக்க வேண்டும். ஹவாயில் ஃபிராங்க் பென்ஷ் 2000-களின் தொடக்கத்தில் குள்ள ஏஞ்சல்களில் இதைச் சாதித்தார். பாலித் தீவின் பாலி அக்வாரிச் பண்ணை பெரிய ஏஞ்சல் இனங்கள் சிலவற்றைத் தொட்டியில் பிறப்பித்து விற்கிறது. இருந்தாலும் நம் கடைக்கு வரும் எம்பரர்களும் கோரான்களும் பொதுவாகக் கடலில் பிடிபட்டவைதான்.

பிடிக்கும் முறையில்தான் மீனின் ஆயுள் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது சயனைடு முறை. பாறை இடுக்கில் ஒளிந்த மீன் மீது சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயக்கிப் பிடிப்பார்கள். பவளமும் சுற்றியுள்ள சிற்றுயிர்களும் அங்கேயே சாகும். பிடிபட்ட மீன் கடையில் நன்றாகத்தான் தெரியும், சாப்பிடவும் செய்யும். சில வாரம் கழித்துக் காரணமே புரியாமல் இறக்கும். இலங்கையில் சுழியோடிகள் பருவக்காற்றுக்கு ஏற்பக் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மாறிமாறிச் சென்று வலையால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் ஆபத்து உண்டு. ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய் அவசரமாக மேலேறி, அழுத்த மாற்றத்தால் கைகால் முடங்கிப்போனவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். மீனை வேகமாக மேலே கொண்டுவந்தாலும் அதன் காற்றுப்பை ஊதி, நேராக நீந்த முடியாமல் தள்ளாடும். கடையில் வாலை மேலே தூக்கியபடி சிரமப்பட்டு நீந்தும் ஏஞ்சலைக் கண்டால் வாங்காதீர்கள். நாம் ஒவ்வொருவரும் "எந்தக் கடல், வலையா, மருந்தா?" என்று கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் தனக்கு அனுப்புகிறவரைக் கேட்பார். முதல் தடவை பதில் வராது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மெக்சிகோவின் கிளாரியன் ஏஞ்சலுக்கு 2016-ல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பாதுகாப்பு கிடைத்தது. மிகக் குறுகிய கடற்பரப்பில் வாழும் அதற்கு விலை ஏறியதே வினையாயிற்று. எம்பரர் இன்று அழியும் நிலையில் இல்லை. செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவியிருக்கிறது. அந்த நிலை நீடிப்பதில் நம் கொள்முதலுக்கும் ஒரு பங்கு உண்டு.

சட்டம் பற்றி ஒன்று. இந்த ஏஞ்சல்களை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் பவளத்தை, செத்த பவள எலும்புக்கூட்டையும் சேர்த்து, 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்த 'லைவ் ராக்' என்று யாராவது காதோடு சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். 21 தீவுகளோடு 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடலில், சுண்ணாம்புச் சூளைக்காக வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போயேவிட்டன. செயற்கைப் பாறையும் பீங்கான் பாறையும் நமக்குப் போதும். பெரிய ஏஞ்சல் பவளத்தைக் கொறிக்கும் மீன் என்பதால் மீன்கள் மட்டும் உள்ள தொட்டிதான் எப்படியும் அதற்கு ஏற்றது.

இடம் இல்லாதவர்கள் மனம் சோர வேண்டாம். குள்ள ஏஞ்சல்கள் எனப்படும் சென்ட்ரோபைஜி இனங்கள் பலவும் 10, 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நல்ல பாறையடுக்கோடு உள்ள 4 அடித் தொட்டியில் ஒன்றை மனநிறைவோடு வைக்கலாம். அதே முள், அதே கொறிக்கும் பழக்கம், அதே முறைப்பு எல்லாம் இருக்கிறது.

நம் குழுவுக்கு ஒரு யோசனை. 8 அடித் தொட்டி வைத்திருக்கும் நான்கைந்து பேர் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கள் தொட்டியில் இடம் இருக்கிறதா, எந்த இனத்தை ஏற்பார்கள் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதித் தரட்டும். வெளிநாடு போகிறவர், வீடு மாறுகிறவர், உடம்புக்கு முடியாமல் போனவர் தம் மீனை ஒப்படைக்க ஒரு கை வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதபோதுதான் கடற்கரைக்கு எடுத்துப்போய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொட்டியில் பல நாட்டு மீன்களோடு வாழ்ந்த மீன் என்ன நோயைச் சுமக்கிறது என்று நமக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில், அந்தக் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத எம்பரரும் கோரானும் காணப்பட்டிருக்கின்றன. யாரோ தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டவை அவை.

கடைசியாக, ஏற்கெனவே 4 அடித் தொட்டியில் எம்பரர் குட்டி வைத்திருப்பவர்களுக்கு. உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மீனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வாரமே தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டி, மீன் அதன் அருகே வரும்போது நீளத்தைக் குறித்துவையுங்கள். 12 சென்டிமீட்டரை நெருங்கும்போது அடுத்த வீட்டுக்கான ஏற்பாடு தொடங்கியிருக்க வேண்டும். 15-ஐத் தாண்டிய பிறகு அங்கே வைத்திருக்க வேண்டாம். மாற்றும்போது வலையைப் போடாதீர்கள். செவுள் முள் வலையில் சிக்கினால் மீனும் கிழியும், பிரிக்கப் போகும் உங்கள் விரலும் கிழியும். விளக்கை அணைத்து, நீரைப் பாதியாக இறக்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே சாய்த்து, மீனை அதற்குள் ஒதுக்கித் தண்ணீரோடு தூக்குங்கள். புதுத் தொட்டியின் உப்புச் செறிவும் வெப்பமும் முன்பே ஒத்துவருகிறதா என்று அளந்திருங்கள். அன்று முழுவதும் விளக்கு வேண்டாம். மறுநாள் நோரியைக் கட்டிவிட்டு, பாதி மட்டியைக் குகை வாசலில் வைத்துவிட்டு விலகி இருங்கள். மூன்றாம் நாளும் எதையும் தொடவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு மீன் வளர்க்கும் ஒருவன்